மண்மேட்டு மேஸ்திரி

திருச்சிக்கு வெளியே, காவிரிக் கரையோரம் இருந்த ஓட்டுத் தொழிற்சாலையில் வீரமலை மண்மேட்டு மேஸ்திரி. மருங்காபுரிக்காரர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர்.

லால்குடிப் பக்கத்து ஏரிக் களிமண் பிசுபிசுப்பு. அதில் மட்டும் செய்த ஓடு காயும்போதே வெடிக்கும். ஆற்று வண்டல் மண்ணில் மட்டும் செய்தால் சூளையிலிருந்து எடுக்கும்போதே பொடியும். அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி மெல்லிய அடுக்காகப் பரப்பி மேடாக்குவார். பிறகு ஒரு பக்கமாக நின்று, மேலிருந்து அடிவரை செங்குத்தாக வெட்டி அள்ள வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கூடையிலும் எல்லா அடுக்கும் கலந்து வரும்.

மண் சுமக்கும் பெண்களோ மேட்டின் மேலேறி, பொலபொலவென்று கிடப்பதை அள்ளிக்கொண்டு போனார்கள்.

"மேல அள்ளாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?" என்பார் வீரமலை. தலையாட்டுவார்கள். அவர் முதுகைத் திருப்பியதும் மறுபடி மேலே ஏறுவார்கள். ஒருநாள் மேடு முழுக்கக் கருவேல முள்ளைப் பரப்பினார். அதை ஒதுக்கிவிட்டு அள்ளினார்கள்.

அந்த மாதம் சூளை பிரித்தபோது பாதிக்கு மேல் விரிசல். சீரங்கத்திலிருந்து வந்த முதலாளி ராஜகோபாலன் ஓட்டுச் சில்லைக் காலால் தள்ளினார்.

"என்னய்யா, மண்ணை ஒழுங்காக் கலக்கத் தெரியாதா உனக்கு?"

வீரமலை நேரே காளியாயியிடம் போனார். அவள்தான் பெண்களுக்குத் தலைவி.

"என்னம்மா, என் பொழப்பக் கெடுக்கவா வந்தீங்க?"

"வெட்டி அள்ளுனா கை விட்டுப்போவுதுண்ணே. நீங்க வெட்டிக் குடுங்க, நாங்க சுமக்குறோம்."

ஆத்திரத்தில் மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டினார். அடியில் மண் இறுகிக் கல்லாகக் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டார். முதலாளியிடம் போய், வெட்டுவதற்கென்றே இரண்டு ஆம்பளை ஆள் வேண்டும் என்றார்.

"ஆள் வேற கேக்கறியா?"

"இல்லேன்னா வெடிச்ச ஓட்டையே வித்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முணுமுணுத்துக்கொண்டே ஆள் கொடுத்தார் முதலாளி. வெட்டிப் போட்டதைப் பெண்கள் மறுபேச்சில்லாமல் சுமந்தார்கள். அடுத்த சூளையில் ஓடுகள் ஒரே நிறத்தில், தட்டினால் கணீரென்று வந்தன. ராஜகோபாலன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேய்யா."

வீரமலை பதில் சொல்ல வாயெடுத்தபோது, அந்தப் பக்கம் வண்டிக்காரன் பிச்சமுத்து ஒரு வண்டிக் களிமண்ணையும் பரப்பாமல் ஒரே இடத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கத்திக்கொண்டே ஓடினார்.