கத்தி என்று நான் சொன்ன சொல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஜொகூரில் உள்ள பொந்தியான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் சொல்வேன். அவர் கேட்பதைத் தமிழில் சொல்வேன். என் சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றுவிட்டார். காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வேலைக்கு விரட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்க, பால் வெட்டித் திரும்பிய ஜனங்கள் அப்படியே துரையின் ஆபீஸ் முன்னால் கூடினார்கள். துரை போலீசைக் கூப்பிட்டார். "கத்தியோடு என்மேல் பாய்ந்தான், உயிருக்குப் பயந்து சுட்டேன்" என்பது போலீஸ்காரரின் வாக்குமூலம்.

மரண விசாரணையில் இறந்தவரின் மனைவி சாட்சி சொன்னாள். புருஷன் கையில் ஏதாவது இருந்ததா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கத்தி இருந்துச்சுங்க. இன்னொரு கையில வாளி. கீழ வெக்கச் சொன்னாங்க. வெக்கக் குனிஞ்சாரு, சுட்டுட்டாங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன். கத்திக்கு 'நைஃப்' என்றதும் போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து, "அவளே ஒப்புக்கொள்கிறாள்" என்றார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மாஜிஸ்திரேட் சீமையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கத்தி என்றால் அவர் மனதில் குத்துக்கத்திதான் வந்திருக்கும். அவள் சொன்னதோ பால் வெட்டும் கத்தி. முனை மடங்கியது, பட்டையை மெல்லிசாகச் சீவத்தான் உதவும். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் அவள் சொன்னது அவரிடம் போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை தலைமை குமாஸ்தாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவர்.

"நீர் சொன்னது பிழையில்லைத்தானே? கத்தியெண்டால் கத்திதான். போலீஸோட கொழுவிச் சண்டைக்குப் போகாமல் பேசாமல் இரும்."

தலையாட்டினேன். ஆனால் கோர்ட் கூடியதும் எழுந்து, நேற்றைய மொழிபெயர்ப்பில் ஒரு குறை இருக்கிறது, திருத்த அனுமதி வேண்டும் என்றேன். கேட்கவில்லை, உரக்கச் சொல் என்றார் மாஜிஸ்திரேட். அவள் சொன்னது பால் வெட்டும் கத்தி என்று மறுபடி சொன்னேன். தலைமை குமாஸ்தா என்னைப் பார்க்கவே இல்லை.

மாஜிஸ்திரேட் அந்தக் கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. முனையைத் தம் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். பிறகு பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைக் கூப்பிட்டார். குண்டு கழுத்தடியில் நுழைந்து இடுப்புவரை இறங்கியிருந்தது.

"பாய்ந்து வருகிறவனுக்கு இப்படிப் படுமா?"

"குனிந்திருந்தால்தான் படும்" என்றார் டாக்டர்.

போலீஸ்காரர்மேல் கொலை வழக்கு போடப்பட்டது. ஜொகூர் பாருவில் நடந்த விசாரணையிலும் நான்தான் மொழிபெயர்த்தேன். கூண்டில் நின்றவர் என்னைவிட இளையவர். முதலில் சொன்னதை மாற்றி, அன்று கூட இருந்த மேலதிகாரி சுடு என்றார், அதனால் சுட்டேன் என்றார். அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அதிகாரி. யார் சொல்லியிருந்தாலும் குனிந்து நிற்பவனைச் சுடுவது குற்றம்தான் என்று தீர்ப்பாயிற்று. பல வருஷச் சிறை. நான் விரும்பிய தீர்ப்புதான். ஆனாலும் அவரை விலங்கோடு கூட்டிப்போனபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வெளியே இறந்தவரின் மனைவி என்னிடம் வந்தாள்.

"சுடச் சொன்னவர எப்பங்கய்யா கூண்டுல ஏத்துவாங்க?"

"தெரியலம்மா."

"நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அதுவரை யாருக்காகவும் நானாக எதையும் கேட்டதில்லை. அன்று கோர்ட் படியில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள். பதில் வரவில்லை. அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவள் அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தாள். இரண்டாவது மனுவை எழுதினோம்.