புதன்கிழமை மீன்

மீனின் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். வயிற்றில் விரலை வைத்து அழுத்துகிறார். பிறகு சமையல்காரர் முகமது இஸ்மாயிலை நிமிர்ந்து பார்த்து, "சோல்பே நா!" என்கிறார். வங்காளத்தில், இது ஆகாது என்று அர்த்தம். யூனியன்காரர்கள் கேட்டில் நின்று கோஷம் போடும் அதே தொனி. கூடை திரும்பிப் போகிறது.

இப்படி மீனைச் சோதிக்கும் ரோஹிணி ஸ்ரீனிவாசராகவன் இன்றுவரை மீனை வாயில் வைத்ததில்லை. டாக்குரியாவில் அவர் வீட்டுக்குள் வெங்காயமே நாள் பார்த்துத்தான் நுழையும். பெஹாலாவில் மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் அவர் மனிதவள மேலாளர். புதன்கிழமை கேன்டீனில் மீன் குழம்பு. அன்று எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் கைவாடை போகாது என்பதால் தயிர்சாதத்தை ஸ்பூனில்தான் சாப்பிடுவார்.

"கெட்ட மீன் போட்டா மறுநாள் பாதிப் பேர் லீவு. ஹெச்.ஆர்.னா சும்மாவா?" என்பார்.

இந்த வருடம் பக்கத்தில் பெரிய கிடங்கு ஒன்று வந்தது. கூடுதல் சம்பளம் சொல்லி, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பெண்களை ஒவ்வொருவராக இழுத்தது. இன்னும் சிலர் போனால் ஒரு ஷிப்டையே மூட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து மும்பைத் தலைமை அலுவலகம், மீனுக்குப் பதில் சோயா போடுங்கள் என்றது. ரோஹிணிக்கு வந்ததே கோபம்!

"சம்பளத்துல அவனோட மல்லுக்கட்ட முடியாது சார். நம்மகிட்ட இருக்கறது இந்த மீன் ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா என்னையும் சேர்த்து மூடிடுங்கோ" என்று போனில் பொரிந்து தள்ளினார். நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார் அதிகாரி குருமூர்த்தி.

அவர் வந்த அன்று பேய்மழை. பெஹாலா முழுக்க முழங்கால் தண்ணீர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர் திகைத்து நின்றார். ஓர் இயந்திரம்கூடச் சும்மா இல்லை. நனைந்த சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.

"இந்த மழையில எப்படி வந்தாங்க? போனஸ் ஏதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணும் சொல்லலை சார். இன்னிக்கு புதன்கிழமை."

மதியம், இரண்டாவது மீன் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்ட குருமூர்த்தி, "சோயாவை விடுங்க" என்றார். பக்கத்து மேஜையில் பார்த்துக்கொண்டிருந்த, கணக்குப் பிரிவு ஆளான எனக்கே நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை கிடங்கில் சேரப்போவதாகச் சொல்லியிருந்த மாதவி, தட்டோடு வந்து ரோஹிணிக்கு எதிரே உட்கார்ந்தார். காயில் சுற்றுவதில் அவரை மிஞ்சத் தொழிற்சாலையில் ஆளில்லை.

"அங்கே எல்லாரும் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்களாம், தீதி. நான் போகலை" என்றார் வங்காளத்தில்.

ரோஹிணி ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, வாடை போகாத அந்தக் கையாலேயே தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.