ஊரிகம் பிளாட்பாரத்தில் கங்கம்மாக்கா

ரயில் பங்காருப்பேட்டையை நெருங்கும்போது லட்சுமியின் போன் வந்தது. "அக்கா, அத்தை போயிட்டாங்க. விடியக்காலத்துல நெஞ்சு வலின்னாங்க. வண்டி வர்றதுக்குள்ளயே..." அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பங்காருப்பேட்டையில் இறங்கி, வந்த வழியே பஸ்ஸில் திரும்பினேன்.

லட்சுமியின் மாமியார் கங்கம்மாக்காவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாலை ரயிலில் ஊரிகத்தில் இறங்குபவர்களுக்குச் சீதாப்பழமும் தேனும் துடைப்பமும் விற்றவர். பேத்தமங்கலம் போகும் வழியில், பாறைக்குன்றின் அடிவாரத்து இருளர் குடியிருப்பில் வாழ்ந்தவர். நான் பக்கத்துத் தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டல்காரி. பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. கொரோனா வந்து ரயில் நின்றுபோகாமல் இருந்திருந்தால் அவரை நான் சந்தித்திருக்கவே மாட்டேன்.

முதல் ஊரடங்கில் எங்கள் லைன் வீடுகளின் ஆட்கள் சிலர் சேர்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி, ஆட்டோவில் அந்தக் குடியிருப்புக்குக் கொண்டுபோனோம். வயல் வேலை நின்று, காட்டுப் பொருள் விற்க வழியில்லாமல் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். கங்கம்மாக்கா முன்னால் வந்து, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். தினமும் வர முடியாது என்றோம். "அப்போ அரிசியா குடுங்க. அடுப்பு எங்க கிட்ட கீது. வேலையும் இல்ல, அடுப்பும் பத்தலன்னா மனுசன் நாள்பூரா இன்னா பண்ணிக்கினு இருப்பான்?"

எங்களில் ஒருவர் முகம் சுளித்து, "குடுக்கறத வாங்கிக்கங்கம்மா" என்றார்.

"வாங்கிக்கறோம் சாமி. பசிக்குது, வாங்கிக்கறோம். ஆனா அடுத்த தபா கேட்டுட்டு கொண்டாங்க. கை கழுவு, கை கழுவுன்னு மைக்ல கத்திட்டுப் போறாங்க. குடிக்கவே தண்ணி இல்லாத இடத்துல எதுல கழுவறது?"

அடுத்தமுறை அரிசி, பருப்போடு தண்ணீர் டேங்கரையும் அழைத்துப்போனோம். முகம் சுளித்தவர்தான் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து அந்த டேங்கரை வரவழைத்தார்.

மறுவருஷ ஊரடங்கில் தடுப்பூசி வண்டி வந்தபோது பாதிப்பேர் பாறைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். ஊசி போட்டால் செத்துவிடுவோம் என்று பேச்சு. கங்கம்மாக்காவுக்கும் பயம்தான். நர்சின் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே நல்ல காய்ச்சல். உள்ளே படுக்காமல் கட்டிலை வெளியே இழுத்துப் போடச் சொன்னார். "எல்லாரும் பாத்துக்கினே இருங்க. நான் செத்தா நீங்க சொன்னது சரி. எழுந்தா வரிசைல நில்லுங்க."

எழுந்தார். பலர் வந்து போட்டுக்கொண்டார்கள். அவருடைய தம்பி மட்டும் கடைசிவரை வரவில்லை. "அவன் பயம் அவனுக்கு" என்பார், கஞ்சி கொடுத்தனுப்பிக்கொண்டே.

ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. அரிசி கொண்டுவந்தவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். இவர்களுக்கோ திரும்பிப் போக வேலை இல்லை. சீதாப்பழம் பழுக்கும் காலம். கூடைகளோடு பஜாருக்குப் போனார்கள். நானும் உடன் போயிருந்தேன். கடைக்காரர் ஒருவர், "முன்னாடி உக்காந்தா ஜனம் வராதும்மா. பின்னால சந்துல போய் வெச்சுக்கங்க" என்றார். சாக்கடை ஓடும் சந்து அது. கங்கம்மாக்கா அதை எட்டிப் பார்த்தார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"சாக்கடைல வெச்ச பழத்த நீங்க துன்னுவீங்களா?"

பழமெல்லாம் கனிந்து வீணாகிவிடுமே என்று நான் பதறினேன். "மாலை ரயில்ல ஜனங்க இறங்குவாங்கக்கா" என்றேன். அன்றே ஊரிகம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார்கள். களைத்து இறங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகளை நினைத்து வாங்கினார்கள். கூடைகள் காலியாயின. சில வாரம் கழித்து அதே கடைக்காரர் வந்து, "வாங்கம்மா, கடை வாசல்லயே உக்காருங்க" என்று கூப்பிட்டார். லட்சுமியும் வேறு இரண்டு பெண்களும் போனார்கள். கங்கம்மாக்கா ஸ்டேஷனை விடவில்லை.

அடுத்த வருஷம் என் கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. நான் வெளியே தலைகாட்டாமல் இருந்தேன். எப்படியோ தெரிந்துகொண்டு கங்கம்மாக்கா வீடு தேடி வந்தார். மடியிலிருந்து கீரையை எடுத்து வைத்தார். "இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி கீது? நாளைக்கு நம்ம கூட வந்து உக்காரு."

அதுவரை அவர் 'எங்க ஆளுங்க', 'எங்க கஷ்டம்' என்றுதான் பேசி நான் கேட்டிருக்கிறேன். 'நம்ம' என்று சொன்னது அன்றுதான்.

போனேன். முதல் நாள் என்னோடு ரயிலில் போய்வந்த பெண்கள் இறங்கி வந்தபோது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கங்கம்மாக்கா ஒரு பழத்தைப் பிளந்து என் கையில் கொடுத்து, "ருசி பாத்துட்டு கூவு, அப்பதான் கொரல் வரும்" என்றார். வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும்வரை அந்தக் கூடைகள்தான் எங்கள் வீட்டு உலையை ஏற்றின.

அடக்கத்தின்போது எங்கே நிற்பதென்று தெரியாமல் ஓரமாக நின்றேன். லட்சுமி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய், குடும்பத்துப் பெண்களோடு நிறுத்தினாள். நான் யாரென்று யாரும் கேட்கவில்லை. கங்கம்மாக்கா எனக்குக் கொடுத்துப் போயிருப்பது அந்த இடத்தைத்தான். அதை விட்டு நகராமல் இருக்கப் பார்க்கிறேன்.