ஜப்பான் சேர் சொன்ன யோசனை

தனக்கு முக்கால்வாசி தெரிந்த ஒன்றை, முழுசாகத் தெரிந்த முகத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிற தொழிலுக்குப் பேர்தான் டியூஷன். நான் கல்முனையில் ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனை எழுதப்போகிற பிள்ளைகளுக்குப் படிப்பித்தது ஜப்பான் மொழி. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, நான் காத்திருக்கிறேன்.

ஏழு வருசம் ஜப்பானில் ஒரு பாண் பெக்டரியில் மா குழைத்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். அந்த நாளையில் ஊரில் ஒரு கதை ஓடியது. ஆர்ட்ஸ் எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாடங்களில் போய் முட்டிக்கொள்கிறார்கள், ஜப்பானையோ சீனத்தையோ மூன்றாவது பாடமாக எடுத்தால் கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, வழி லேசு என்று. அதை ஆர் கிளப்பினது என்று கேட்காதீங்க. வாங்கு, மேசை, கரும்பலகை எல்லாம் வாங்கிப்போட்ட பிறகு நானும் கொஞ்சம் கிளப்பினதுதான். டியூஷன் குடுத்தவங்க, எடுத்தவங்க, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு கேற்றடியில் காத்து நின்றவங்க, எல்லாரும் நம்மட ஆக்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எழுத்து ஒண்டுதானே

பஸாரில் சீனச் சாமான் விற்கிற ஒரு முதலாளி தன் மகன் நிஸாமைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்குச் சீனம் வேணுமாம். எனக்குச் சீனம் தெரியாது என்றேன். "ரெண்டுக்கும் எழுத்து ஒண்டுதானே சேர்" என்றார். நான் அப்போது வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "கிட்டத்தட்ட" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லில் பிடித்துக்கொண்டார்.

ஒரு புத்தகமும் ரெண்டு கசற்றும் கொழும்பில் இருந்து எடுப்பித்து, நிஸாமுக்கு ஒரு பாடம் முன்னால் நான் படிப்பது, மறுநாள் அதை அவனுக்குப் படிப்பிப்பது என்று வண்டி ஓடியது. பிள்ளை நல்லவன், ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. சோதனை எழுதிவிட்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். எப்படி என்று கேட்டேன்.

"கன எழுத்துகள் எங்கயோ கண்ட முகமாத்தான் இரிந்திச்சி சேர். ஆனா ஒண்டும் என்னோட கதைக்கல்ல."

இப்போது வாப்பாவின் கடையில் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே என்ன சாமான் என்று சொல்கிறான். என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறான், அதுதான் எனக்கு வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

கல்முனைக்குடியில் என் வீட்டுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டிலில் ஞாயிறு பத்து மணிக்கு வகுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பாண்டிருப்பில் இருந்து வருகிற சுதா. மற்றவள் கடற்கரை வீதி ஸிஹானா. அவளுடைய வாப்பா ஹயாத்து காக்காவுக்கு மீன்பிடி வள்ளம். காக்கா என்றால் எங்கட பக்கம் அண்ணன். தினக்கலண்டரில் கிழிக்கிற தாளை ஸிஹானா வீசமாட்டாள். முன்பக்கம் தொழுகை நேரம் இருக்கும், பின்பக்கம் அன்றைக்குப் பத்து ஜப்பான் எழுத்து எழுதிவைப்பாள். ஒரு வருசத் தாள்களை நூலில் கோர்த்து வைத்திருந்தாள். அப்படி ஒரு பிள்ளை எனக்கு அதற்கு முந்தியும் கிடைக்கவில்லை, பிந்தியும் கிடைக்கவில்லை.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வா என்று முதல்நாள் சொல்லியிருந்தேன். அதற்காக அவள் வெள்ளனவே மெயின் ரோட்டுக்குப் போயிருந்தாள். கடல் வந்தபோது வீட்டில் இருந்தது உம்மாவும் தம்பியும். வள்ளத்தோடு கடலில் இருந்த வாப்பா தப்பி வந்தார். வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் மிஞ்சியது.

ரெண்டு கிழமை கழித்து, பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமில் அவளைத் தேடிப் போனேன். அவள்தான் முதல் கதைத்தாள்.

"உம்மாவும் தம்பியும் மௌத்தாகிட்டாங்க சேர். கொப்பி ஒண்டும் இல்ல. வகுப்பு எப்ப தொடங்கும்?"

வீடு குடுக்க வந்தவங்க

அன்றிலிருந்து ஹயாத்து காக்காவுக்கு நான் என்றால் ஒரு தனி மரியாதை. தன் மகள் உசிரோடு இருப்பது சேர் சொன்ன போட்டோக்கொப்பியால் என்று முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்த மரியாதையை நான் எப்படிச் செலவழித்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

வீடு கட்டிக் குடுக்கிற விசயமாக ஜப்பானில் இருந்து நாலைந்து பேர் வந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் பேசினது பெக்டரி ஜப்பான். மேஸ்திரி என்னை ஏசின சொல்லுகள்தான் எனக்கு லேசாக வாயில் வரும். வந்தவர்களில் ஒரு வயசான அம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிறகு ஸிஹானாவை முன்னுக்கு விட்டேன். புத்தகத்தில் படித்த மரியாதை முழுக்க வைத்து அவள் கதைத்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மகள், உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். ஒரு அகராதி வேணும் என்றாள்.

அகராதி ஒன்றரை மாசத்தில் தபாலில் வந்தது, நல்ல தடிச்ச புத்தகம். அன்றைக்கு ஹயாத்து காக்கா தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது:

"வீடு குடுக்க வந்தவங்கக்கிட்டப் போய் புத்தகம் கேட்டிரிக்காளே. வீடில்லாத புள்ளைக்கு நான் எங்க சேர் மாப்பிள எடுக்கிற?"

கடதாசிதானே காக்கா

எங்கட பக்கத்துப் பெண்பிள்ளைக்கு வீடு இல்லையென்றால் கலியாணம் இல்லை. கட்டிக்கொண்டு மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். ஆகையால் பெண்பிள்ளை பிறந்தவுடன் வாப்பாமார் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குவார்கள். ஹயாத்து காக்கா பதினெட்டு வருசமாகச் சேர்த்ததைக் கடல் கால்மணித்தியாலத்தில் கொண்டுபோனது.

அந்த நேரம் முகாமில் இன்னொரு கதை பரவியது. கலியாணம் முடித்த சோடிக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் தனி வீடு கிடைக்குமாம். முகாமில் கிழமைக்கு நாலு காவின் எழுதினார்கள். காவின் என்றால் கலியாணப் பதிவு. எழுதி வைத்துவிட்டு, கூடி வாழ்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எல்லாருடைய எண்ணமும். ஹயாத்து காக்காவின் தங்கச்சி மகன் கட்டாரில் இருந்து ஒரு மாச லீவில் வந்திருந்தான். மச்சான் முறை, குணமான பொடியன். ஸிஹானாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. சோதனைக்கு இன்னும் ஒரு வருசம் கிடந்தது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வாப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க சொல்றதுதான் சேர்" என்றார் ஹயாத்து காக்கா. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லையென்று சொல்லவேணும் என்றுதான் வந்திருக்கிறாள் என்பது ஒரு விசரனுக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் அந்த மனிசன் மனைவியையும் மகனையும் அடக்கிவிட்டு வந்து என் முன்னால் குந்தியிருக்கிறார். வீடு கிடைக்காமல் போனால் அந்தப் பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

"கடதாசிதானே காக்கா. காவினும் எழுதட்டும், சோதனையும் எழுதட்டும்" என்றேன். பெரிய புத்திசாலிக் கதை கதைத்ததுபோல் எனக்கு ஒரு நினைப்பு வேறு.

ஸிஹானா கதவு நிலையை விட்டுவிட்டு, தலைத்துணியைச் சரி பண்ணினாள்.

"சேர் சொன்னா சரிதான்."

வேனில் நாலு பேர்

அடுத்த வருசம் சண்டை திரும்பத் தொடங்கி, ரோட்டில் செக்பொயின்ற்றுகள் முளைத்தன. அந்த நேரம் பார்த்து சோதனைக்கான அனுமதி அட்டைகள் வந்தன. ஜப்பான் பாடத்துக்கு எங்களுக்கு விழுந்த நிலையம் கொழும்பில். நான், என் மனைவி, சுதா, ஸிஹானா என்று நாலு பேருக்கு வேன் பேசினேன். செக்பொயின்ற்றில் காட்ட நாலு பெயர்களையும் எழுதி, பொலிசில் பதிவும் எடுத்தாயிற்று.

போவதற்கு முதல்நாள், காவின் எழுதிவிட்டுத் திரும்பிப்போன மாப்பிள்ளை கட்டாரில் இருந்து போன் எடுத்தான். தான் இல்லாமல் பெண்சாதி கொழும்புக்குப் போகக்கூடாது, அதுவும் சண்டை நேரம் என்றான். அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. நானும் மனைவியும் ஸிஹானா வீட்டாரிடம் ஓடினோம். ஹயாத்து காக்கா தலைகுனிந்து இருந்தார். காவினுக்கு முந்தி என்றால் அவர் ஒரு சொல்லில் அனுப்பியிருப்பார், இப்போது சொல்லு அவருடையது இல்லை. மாமியார்க்காரி எங்களை இருத்தி, தேத்தண்ணி தந்து, மரியாதையாகவே மறுத்தாள். கடைசியில் நானே கட்டாருக்குக் கதைத்தேன். என் மனைவியும் கூட வருகிறா, என்ட பொறுப்பு என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "நீங்க அவட வாப்பாவா சேர், காக்காவா?" என்று கேட்டான். நான் ரெண்டும் இல்லை.

ஸிஹானா வெளியில் வரவில்லை. அகராதியை மட்டும் என் மனைவியிடம் குடுத்து அனுப்பினாள், வழியில் சுதா பார்க்கட்டும் என்று. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வேன் வெளிக்கிட்டது. சுதா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள், ஆனால் திறக்கவில்லை. அம்பாறை தாண்டி ஒரு செக்பொயின்ற்றில் இறக்கினார்கள். ஒரு இளவயசு ஆமிக்காரன் பெயர்த்தாளையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"இதில நாலு பேர். மத்த ஆள் எங்க?"

கேட்காத துண்டு

சுதாவுக்குக் கம்பஸ் கிடைத்தது. பாண்டிருப்பில் இருந்து அவளுடைய அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

கொஞ்சக் காலம் போய் வீட்டுப் பட்டியல் வந்தது. ஹயாத்து காக்காவுக்குத் துணையாக நானும் போனேன். உடைந்த வீட்டின் உறுதியை, அதுதான் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார்கள், புதுசாக எடுத்த பிரதியைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு உறுதிக்கு ஒரு வீடு, அவ்வளவுதான் கணக்கு. கலியாணம், தனிக்குடும்பம் என்பதெல்லாம் எங்கட ஆக்களே முகாமுக்குள் இருந்து கட்டின கதை. ஹயாத்து காக்கா விளங்காமல், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த காவின் துண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பிள்ளை அதை விரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்து அவர் கையிலேயே குடுத்தாள்.

"இது எதுக்கு வாப்பா? இத நாங்க கேக்கல்லையே."

வரும்போது அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ரெண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

புதுப் பிள்ளை

யுத்தம் முடிந்தது. பஸாரில் வெடி கொளுத்தினார்கள், வேன் வேனாக ஆக்கள் யாழ்ப்பாணம் பார்க்கப் போனார்கள். கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் இறக்கி ஏற்றுவது குறைந்தது. இனி எந்தப் பிள்ளையும் எங்கேயும் போய்ச் சோதனை எழுதலாம். எனக்கு இது ரெண்டு மூன்று வருசம் பிந்திப்போன நல்ல செய்தி.

ஒரு ஞாயிறு வகுப்புக்கு ஸிஹானா வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, பக்கத்தில் பதினாறு வயசுக் குமர் ஒன்று. புருசனுடைய தங்கச்சியாம். சுதா கம்பஸ் போனதைக் கேள்விப்பட்டு, மாமியார்க்காரியே இவளை ஜப்பான் படிக்க அனுப்பியிருக்கிறா. அன்றைக்குத் தேத்தண்ணி தந்து மறுத்த அதே மனிசிதான். புதுப் பிள்ளையின் கையில், சுதா திருப்பிக் குடுத்த அந்தத் தடிச்ச அகராதி இருந்தது. அதற்குள்ளே கலண்டர் தாள்கள் செருகியிருந்தன, மை காயாத புதுத் தாள்கள்.

"நீயும் எழுதன் மகள், இப்ப ரோட்டு நல்லந்தானே" என்றேன். சொன்ன வாயை அப்போதே கடித்துக்கொண்டேன். அவள் கோபிக்கவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். வயசும் போச்சு, மனசும் போச்சு சேர் என்றாள். நான் கரும்பலகைப் பக்கம் கிறுகித் திரும்பினேன். ஜப்பானில் இருந்த ஏழு வருசமும் ஒரு நாளைக்கு இருபது தரம் மன்னிப்புக் கேட்டவன் நான், ஊர்ப் பாசையில் ஒரு தரம் கேட்க வாய் வரவில்லை. போகும்போது வாசலில் நின்று, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இவ நல்லாப் படிப்பா சேர். இவட வாப்பா வந்து என்ன கேட்டாலும், நீங்க மட்டும் யோசனை சொல்லிராதீங்க."

அதற்குப் பிறகு எந்த வாப்பா வந்து என்ன கேட்டாலும், எனக்கு ஜப்பான் மட்டும்தான் தெரியும், அதுவும் முக்கால்வாசி என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.