நாலாவது மாடிக்கு ஒரு வழக்கு

வக்கீல் குமாஸ்தாவின் வேலை என்னவென்று யாராவது கேட்டால், தோற்றுப்போனவரிடம் ‘நீங்கள் இன்னும் தோற்கவில்லை’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது என்பேன். வங்காளத்தில், பவானிபூரில் ஒரு வக்கீல் மேடத்திடம் பன்னிரண்டு வருஷமாக முஹுரியாக இருக்கிறேன். குமாஸ்தாவுக்கு இங்கே அதுதான் பெயர். ஜனங்களைக் கூப்பிட்டுப் பொதுவாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் நம் நாட்டில் இல்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பாவம், அவர்கள் ஃப்ளாட்டில் குடியிருந்ததில்லை. சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு டீயோடு நொந்து வீடு திரும்பிய என் இனத்தவரே, இது உங்களுக்காக. (வங்காளிகள் பேசியதை நானே தமிழாக்கியிருக்கிறேன். மொழிபெயர்ப்பில் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.)

வயிற்றெரிச்சல் வேறு, வழக்கு வேறு

ஆறுமுகம் அண்ணாச்சி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம். பெஹாலாவில் இருபது ஃப்ளாட் உள்ள ஒரு கட்டடத்தில் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவர் மனைவி கோமதி மதினிக்கு இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து, இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. பூஜைப் பண்டிகை வந்தால் தெருவில் தாக் மேளம் அடிக்கிற சத்தம் கேட்கும். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பந்தலின் முதுகுதான் தெரியும்.

லிஃப்ட் வைக்கலாமா என்று சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. வேண்டும் ஒன்பது, வேண்டாம் பத்து. செகரெட்டரி கோஷ் பாபு தரைத்தளத்துக்காரர். லிஃப்ட் குழி தோண்ட வேண்டிய இடத்தில்தான் அவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது. முடிவை அறிவித்துவிட்டு அவர் சிரித்தாராம். அண்ணாச்சி மறுநாளே எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

‘தப்பு நடந்தது என்று சொன்னால் போதாது, அந்தத் தப்பால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்று காட்ட வேண்டும்’ என்று மேடம் பொறுமையாக விளக்கினார். அண்ணாச்சி முக்கால் மணி நேரம் கோஷ் பாபுவின் சிரிப்பைப் பற்றியே பேசினார். எழுந்து போகும்போது, போகிற போக்கில், “கையெழுத்துப் போட்டது இருவது பேரு, எண்ணுனது பத்தொம்பது சீட்டு” என்றார். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

“அது சின்ன விசயம்லா தம்பி. அவன் சிரிச்சதத்தான் என்னால பொறுக்க முடியல.”

பத்தொன்பது கதவுகள்

இந்த மாதிரி வழக்கில் சங்கத்தை மட்டும் எதிர்த்தரப்பாகப் போட்டால் போதாது என்பது மேடத்தின் கட்சி. முடிவு மாறினால் எல்லா வீட்டையும் பாதிக்கும்; பின்னால் ஒருவர் வந்து ‘என்னைக் கேட்கவே இல்லையே’ என்பார். ஆகவே அண்ணாச்சியைத் தவிர மற்ற பத்தொன்பது வீட்டுக்கும் வழக்கின் நகல். தபாலில் ஒன்று, கையில் ஒன்று. அந்தக் கை என்னுடையது. லிஃப்ட் எவ்வளவு அவசியம் என்பதற்கு நானே அன்று நல்ல சாட்சி.

இரண்டாவது மாடியில் ஒரு மாஷிமா, நமக்குப் பெரியம்மா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், என் வேர்வையைப் பார்த்துப் பதறி உள்ளே உட்கார வைத்தார். டீ வந்தது. தட்டு நிறைய சந்தேஷ் என்ற பால் இனிப்பு வந்தது. நான் நாலு சாப்பிட்டேன். காகிதத்தை நீட்டியதும் என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் கேட்டார். சொன்னேன். தட்டு என் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்தது.

“கேஸுன்னு வாசல்லயே சொல்லியிருந்தா, நேத்து வாங்கின சந்தேஷைக் கொடுத்திருப்பேனே!”

டின்னுக்குள் என்ன இருந்தது

ஓட்டுச் சீட்டுகளை அழிக்கக் கூடாது என்று முதலில் ஒரு இடைக்கால உத்தரவு வாங்கினோம். பிறகு அவற்றைப் பார்வையிட ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகக் கோர்ட் அனுப்பியது. மீட்டர் ரூமில் சீல் வைத்திருந்த ஓட்டுப்பெட்டியைக் கோஷ் பாபு பக்தியோடு ஏந்தி வந்தார். அது ஒரு காலி ரசகுல்லா டின். மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டிருந்தார்கள். முந்தைய கூட்டத்தில் சாப்பிட்டு முடித்த டின் அது. கழுவியதாக அவர் சத்தியம் செய்தார். கழுவவில்லை என்று அதைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் சொல்லின.

டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பத்தொன்பது சீட்டு விழுந்தது. கமிஷனர் டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் ஜீராவோடு ஜீராவாக இருபதாவது சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்பூனால் சுரண்டி எடுத்தோம். மை கரைந்து, நடுவில் எறும்பு அரித்து, அது ‘வேண்டும்’ என்கிறதா ‘வேண்டாம்’ என்கிறதா என்று கடவுளுக்கே தெரியாது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அந்த ஒரு ஓட்டோ யாருக்கும் புரியவில்லை. எங்கள் வழக்குக்கு இதைவிட இனிப்பான சாட்சி கிடைக்காது. கமிஷனர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்தபடி என்னைக் கேட்டார்.

“எறும்புகளையும் எதிர்த்தரப்பில் சேர்த்திருக்கிறீர்களா?”

கோஷ் பாபுவின் பிரம்மாஸ்திரம்

முடிவு நிச்சயமில்லை, அதனால் செல்லாது, புதிதாக வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று நீதிபதி சொல்லும் கட்டத்துக்கு வந்துவிட்டார். அப்போது கோஷ் பாபுவின் வக்கீல் எழுந்து ஒரு வெடியைப் போட்டார். நாலாவது மாடி வீடு கோமதி மதினியின் பெயரில் இருக்கிறது. போன தடவை ஓட்டுப் போட்டது அண்ணாச்சி. சங்க விதிப்படி உரிமையாளர்தான் நேரில் வந்து போட வேண்டும், பதிலாள் கூடாது. பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தோம். உண்மைதான். இறங்க முடியாதவளுக்காக லிஃப்ட் கேட்டால், இறங்கி வந்து கேள் என்கிறார்கள்.

நீதிபதி சங்க விதிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். சரி, எல்லா உரிமையாளரும் நேரில் வரட்டும் என்றார். நடக்க முடியாதவரைப் பத்திரமாகக் கீழே அழைத்து வந்து, திரும்ப வீட்டில் கொண்டு சேர்ப்பது சங்கத்தின் பொறுப்பு என்று அடுத்த வரியில் சேர்த்துவிட்டார். வராந்தாவில் கோஷ் பாபு அந்த அடுத்த வரியைக் கவனிக்காமல் என் தோளைத் தட்டினார்.

“முஹுரி பாபு, சட்டம்னா சட்டம்தானே?”

மறு ஓட்டு

பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தது. நாற்காலி தூக்க ஆள் தேடினார்கள். பெஹாலாவில் தெம்புள்ள அத்தனை பேரும் பந்தலுக்கு மூங்கில் கட்டப் போய்விட்டார்கள். மறு ஓட்டை மேற்பார்க்க வந்த கமிஷனர் உத்தரவைப் பிரித்துக் காட்டினார். சங்கம் என்றால் செகரெட்டரி. வேறு வழியில்லாமல் கோஷ் பாபுவும் ‘வேண்டாம்’ கோஷ்டியில் மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

மதினி பட்டுப்புடவை கட்டிக் கைக்கடிகாரம் போட்டுத் தயாராக இருந்தாள். ஆள் கொஞ்சம் கனம். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். “மெள்ள வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று அவள் வங்காளத்திலேயே உபசாரம் சொன்னாள். கீழே வந்ததும் கோஷ் பாபு சுவரில் சாய்ந்துகொண்டார். ஓட்டு ஆரம்பிக்கும் முன் மதினி எல்லோர் காதிலும் விழும்படி கமிஷனரைக் கேட்டாள், “திரும்ப மேல யாரு தூக்கிட்டுப் போவா?” கமிஷனர், “இதே நாலு பேர்தான்” என்றார். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; அடுத்த முறை யார் தோளோ என்று ‘வேண்டாம்’ கோஷ்டியில் மற்றவர்களும் நெளிந்தார்கள்.

வேண்டும் பத்தொன்பது. வேண்டாம் ஒன்று. அண்ணாச்சி படிக்கட்டிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். மற்றவர்களெல்லாம் கோஷ் பாபுவை முறைத்தார்கள். அந்த ஒன்றைத் தான் போடவில்லை என்று அவர் காளி மேல் சத்தியம் செய்தார். அவர் மனைவியே நம்பவில்லை.

மதினி தன்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வைக்கச் சொன்னாள். பாதி எழும்பிய பந்தலை முன்பக்கமிருந்து ஆசை தீரப் பார்த்தாள். பிறகு என் சட்டைக் கையை இழுத்துக் குனிய வைத்தாள்.

“அந்த ஒண்ணு நான் போட்டது தம்பி. அவனுவ மூச்சு வாங்குன வாங்குலயே ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு வருசம் என்னைய மேலயே உக்கார வச்சாம்லா, ரெண்டு நாளைக்கு அவன் முழிக்கட்டும்.”

வாக்கெடுப்பு முடிவை எதிர்க்க எத்தனையோ வழி வைத்திருக்கும் சட்டம், போட்ட ஓட்டை ஏன் போட்டாய் என்று ஒருத்தியைக் கேட்க வழி வைக்கவில்லை என்பதால், கோஷ் பாபுவிடம் நான் இன்றுவரை மூச்சுவிடவில்லை.