அழிக்கட்டுமா என்று கேட்ட கணினி

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த சில வருடங்களில், இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் படிப்பித்தேன். எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு கணினி. யாரோ கொடுத்த பழைய பெட்டி. அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் ஒரு தவணை முழுக்க முறை வைத்து உட்கார்ந்து, தங்கள் வீட்டைப் பற்றித் தமிழில் தட்டி ஓர் இதழ் தயாரித்திருந்தார்கள். ஆனால் திரையில் கொம்புகள் எழுத்தை விட்டு விலகி நின்றன. புதிய பதிப்புக்கு மாற்றினால் சரியாகும் என்று கொழும்பிலிருந்த நண்பன் மூன்று சீடி அனுப்பினான்.

ஒரு வெள்ளிக்கிழமை முதல் சீடியைப் போட்டேன். திரை நிறைய இங்கிலீஷ் ஓடியது. இது இல்லாமல் அது இயங்காது, ஆகவே பின்வருபவை நீக்கப்படும் என்று நீளமாக ஒரு பட்டியல். கடைசியில், தொடரட்டுமா என்ற கேள்வி. ஆமாம் என்பதற்கு 'ஒய்' எழுத்தைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கறுப்புத் திரையில் சில இங்கிலீஷ் வரிகள் மட்டும். பிள்ளைகள் கையால் எழுதிய தாள்களை, இனி எதற்கென்று நானே அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டிருந்தேன். திங்கட்கிழமை அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கணக்குப் படிப்பித்த டீச்சர் அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தார். அவரிடம் போய்ப் புலம்பினேன். அனுதாபமெல்லாம் காட்டவில்லை.

"அது உங்களைக் கேட்டுத்தானே அழிச்சிருக்குது? நீங்கள் வாசிக்கேல்லையோ?"

வாசிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும், அதுதான் வெட்கம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எங்களுக்கு இங்கிலீஷ் காகிதம் என்றால் கையெழுத்து வைக்கிற காகிதம். தோட்டத்தை நிர்வகித்த துரையின் ஆபீசிலிருந்து ஒன்று வந்தால் எங்கே வைக்க வேண்டும் என்று மட்டுந்தான் கேட்போம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கணக்கப்பிள்ளை முறைப்பார். பயிற்சி முடித்து ஆசிரியனான பிறகும் என் விரலை விட்டு அந்தப் பயம் போகவில்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை காலை அகராதியோடு உட்கார்ந்து, கணினி சொன்னதை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அழிந்தவை திரையில் படங்களைக் காட்டும் நிரல்களும் தமிழ் தட்டும் நிரல்களும்தான். பிள்ளைகளின் கோப்புகள் பதினெட்டும் பத்திரமாக இருந்தன. அது இல்லை இல்லை என்று கேட்ட துணை நிரல்கள் எல்லாம் இரண்டாவது சீடியில் இருந்தன. அந்தச் சீடியை நான் உறையை விட்டே எடுக்கவில்லை. எடுத்துப் போட்டு, கேட்டதையெல்லாம் கொடுத்தபோது மாலைக்குள் திரை மீண்டது. கொம்புகள் எழுத்தோடு ஒட்டி நின்றன. டீச்சர் வந்து ஒரு பக்கத்தை முழுதாக வாசித்துவிட்டு, இதை எழுதிய பிள்ளை யார் என்று விசாரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

புதிய பதிப்பில் மிச்சமிருந்த மூன்றாவது சீடியைப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் போடுவது என்று தீர்மானித்தேன். திங்கட்கிழமை, நடந்ததை மறைக்காமல் அவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. சீடி சுழன்றது. நீக்கப்படுபவை என்று மறுபடி ஒரு பட்டியல் வந்து நின்று, தொடரட்டுமா என்று கேட்டது. பாழாய்ப்போன விரல் தன்பாட்டில் ஒய்யை நோக்கிப் போனது. முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"பொறுங்க சேர். நாங்க இன்னும் வாசிச்சு முடிக்கல."