நானே தேடிக் கொடுத்த சக்களத்தி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் வாரம் ஒருமுறை கூடுகிற இடமும், ஒரு போன் நம்பரும் அதில் இருந்தன.

என் கணவர் குட்டியானை என்போமே, அந்தச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். நெல் மூட்டையை இறக்கியதும் வண்டியை நேராகச் சாராயக் கடைக்கு விட்டுவிடுவார். குடித்துவிட்டு எங்கே கவிழப் போகிறாரோ என்று சாயங்காலமானால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டியும் பார்த்துவிட்டேன். கயிற்றின் சாயம் போகும் முன்பே கழற்றிவிடுவார்.

அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரே பேசணும்மா. அவருக்கே தோணணும்" என்றார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. குடும்பம் நடத்துகிறவள் நான், என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லையாம்! ஆனாலும் அந்த நம்பரைக் கணவரின் போனில் பதிந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச நாளில் சிங்கவரம் ரோட்டில் வண்டி வாய்க்காலில் இறங்கியது. சிராய்ப்போடு தப்பி வந்தவர், மறுநாள் தானாகவே அந்த நம்பருக்குப் பேசினார். குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு அந்தக் கூட்டத்து ஆட்களே ஆஸ்பத்திரிக்கும் துணைக்கு வந்தார்கள். அதன்பின் வாரம் தவறாமல் கூட்டத்துக்குப் போனார். குடி நின்றது.

நான் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. அன்று போனை எடுத்தவர், பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர், அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். பொழுது சாய்ந்தால் போதும், என் கணவர் போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவரோடு பேச ஆரம்பித்துவிடுவார். சில நாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். கல்யாணமான புதிதில்கூட என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை. நான் போட்டு வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். கல்லூரியில் படிக்கும் என் மகள் வேறு, "இன்னாம்மா, நைனா யாரையாச்சும் லவ் பண்ணுதா?" என்று வெறுப்பேற்றினாள்.

"நானும் இங்கதான இருக்கறேன், எங்கிட்ட பேசுனா இன்னா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "உனுக்குப் புரியாது" என்றார். அன்று குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். மனுஷன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதற்கும் கோபம் வந்தது.

ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தால், அங்கே அதைப் பிறந்தநாள் என்று கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். அன்று வீட்டு ஆட்களையும் கூப்பிடுவார்கள். தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரிய ஆம்பளைகள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் எழுந்து பேசினார். மகளுக்கு நாற்றம் தெரியக் கூடாதென்று வண்டியிலேயே தூங்கிவிட்டு வந்த நாட்களைச் சொன்னார். காரணம் இதுதான் என்று எனக்கே தெரியாது. மோட்டார்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணில் நீர் முட்டியது, எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அங்கே மோட்டார்காரரின் மனைவி டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அவரு சம்சாரமா? உன் வூட்டுக்காரரு மேல எனக்கு செம காண்டு. எங்க வூட்டுக்காரரு சாப்பிட உக்காந்தா போதும், உங்காளு போன் வந்துரும். இவரு தட்டை அப்டியே வச்சிட்டு ஓடிருவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, வெந்துகொண்டிருந்தது நான் மட்டும் இல்லை.

"ஒருநாள் நானே போனை எடுத்து, உன் பொண்டாட்டிகிட்ட பேசுனா ஆவாதான்னு கேட்டுட்டேன். அதுக்கு உன் வூட்டுக்காரரு, 'இப்ப குடிக்கணும்போல கை பரபரன்னு இருக்குதுக்கா. இதப் போயி அவகிட்ட எப்டி சொல்வேன்? பயந்தே செத்துருவா'ன்னாரு."

வண்டிக்குள் ஏதோ கொஞ்சிப் பேசுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்? குடிக்கத் தோன்றுகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருப்பேன். வண்டிச் சாவியை ஒளித்து வைத்திருப்பேன். அவர் சுவர் ஏறிக் குதித்தாவது கடைக்குப் போயிருப்பார்.

உள்ளே கூப்பிட்டார்கள். கேக் வெட்டியதும் முதல் துண்டு மோட்டார்காரர் வாய்க்குத்தான் போனது, இரண்டாவதுதான் எனக்கு. அப்போதும் சுருக்கென்றது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இன்றைக்கும் இருட்டுகிற நேரத்தில் அவர் போனோடு வண்டியில் ஏறுவதைப் பார்த்தால் உள்ளே ஏதோ எரியத்தான் செய்கிறது. என் அழுகையால் ஆகாதது யாரோ ஒருவரின் பேச்சால் ஆனதே என்று மனசு முரண்டு பிடிக்கிறது. ஆனால் அவர் பேசி முடித்து இறங்குகிற வரைக்கும், ஒருவரும் அந்த வண்டிப் பக்கம் போய்விடாமல் வாசலில் காவல் இருப்பவளும் நான்தான்.